தண்ணீரில் கரையாத ஜியோபாலிமர்: சிலிகேட் ஜெல்லை இறுகவைக்கும் முறை

ஜியோபாலிமர் என்பது சுட்ட களிமண் போன்ற பொடியைக் காரக் கரைசலில் பிசைந்து இறுகவைக்கும், சிமென்டு போன்ற பொருள். அதில் புதிதாகக் கைவைப்பவர்கள் முதலில் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். அச்சிலிருந்து எடுத்த வில்லை கெட்டியாக இருக்கிறது, தட்டினால் கணீரென்கிறது, நகத்தால் கீறினால் கோடு விழுவதில்லை. அதையே ஒரு நாள் தண்ணீரில் போட்டு வைத்தால் விளிம்புகள் மழுங்கி, மேற்பரப்பு வழவழத்து, தண்ணீர் கலங்கிவிடுகிறது. கலவையில் சேர்த்த நீர்க்கண்ணாடி, அதாவது சோடியம் சிலிகேட் கரைசல், தண்ணீரை இழந்தாலே கெட்டிப்பட்டுவிடும். பசை காய்வது போன்றதுதான் அது. வேதிவினை நடந்ததற்கு அந்தக் கெட்டித்தன்மை சான்றாகாது. ஆகவே உலர்ந்த வில்லையின் வலுவை வைத்து எந்தக் கலவையையும் மதிப்பிட வேண்டாம். தண்ணீரில் போட்டுப் பார்த்த பிறகே அது ஜியோபாலிமரா, காய்ந்த சிலிகேட்டா என்று சொல்ல முடியும்.

எது கரைகிறது, எது கரைவதில்லை

நீர்க்கண்ணாடி மட்டும் காய்ந்தால் கிடைக்கும் ஜெல்லில் சிலிக்காவின் பிணைப்பு ஆங்காங்கே அறுந்திருக்கும். அறுந்த முனைகளில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் உள்ளே நுழைந்ததும் சோடியம் வெளியேறுகிறது, சுற்றியுள்ள நீர் காரமாகிறது, அந்தக் காரமே மிச்சமிருக்கும் சிலிக்காப் பிணைப்புகளையும் அறுக்கிறது. ஜெல் முதலில் உப்பும், பிறகு கரையும்.

இதில் அலுமினியம் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. மெட்டாகயோலின் (சுட்ட கயோலின் களிமண்) போன்ற பொருள் காரத்தில் கரையும்போது அலுமினியம் வெளிவந்து, நான்கு ஆக்சிஜன்களோடு இணைந்து, சிலிக்காச் சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்பாக உட்காருகிறது. அப்படி உட்காரும் ஒவ்வொரு அலுமினியத்துக்கும் ஒரு எதிர்மின்னூட்டம் மிகுதியாக இருக்கும். அதைச் சமன்செய்ய ஒரு சோடியம் அயனி பக்கத்திலேயே கட்டுண்டு நிற்கும். முப்பரிமாண வலையாகப் பின்னிய இந்த சோடியம் அலுமினோசிலிகேட் ஜெல் கொதிநீரிலும் கரையாது. உலைக்கசடு (இரும்பு உருக்கும் உலையின் கசடு) போன்ற கால்சியம் உள்ள பொருள் சேர்ந்தால் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் வகை ஜெல்லும் உருவாகும். அதுவும் தண்ணீரில் நிலைக்கும். 1950களில் கீவ் நகரில் விக்டர் குளுகோவ்ஸ்கி கசடையும் காரத்தையும் கொண்டு உருவாக்கிய சிமென்டுகள் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை. 1970களில் பிரான்சின் ஜோசப் டேவிடோவிட்ஸ் ஜியோபாலிமர் என்று பெயரிட்டது முதல் வகையை. இந்தக் கட்டுரையின் செய்முறையும் முதல் வகைக்கானதே.

தண்ணீர் தாங்குவது என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. வலை கரைகிறதா என்பது முதலாவது. துளைகளில் மிஞ்சிய காரம் மட்டும் கசிகிறதா என்பது இரண்டாவது. தண்ணீரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது மூன்றாவது. நன்றாக வினைபுரிந்த மெட்டாகயோலின் ஜியோபாலிமர்கூட நிறையத் தண்ணீர் உறிஞ்சும். அது குறையல்ல, கலவையில் இருந்த நீர் வெளியேறி விட்டுச்சென்ற நுண்துளைகள் அவை. முதலாவது மட்டுமே உயிர்நாடி. அதைச் சரிசெய்யாமல் நீர்விலக்கிப் பூச்சு அடிப்பதில் பயனில்லை.

மூலப்பொருட்களைச் சரிபார்த்தல்

மெட்டாகயோலின் என்பது கயோலின் களிமண்ணை ஏறத்தாழ 700 முதல் 800 செல்சியஸில் சுட்டுக் கிடைப்பது. சூடு போதாவிட்டால் சுடாத கயோலின் மிஞ்சும். அது காரத்தில் போதுமான அளவு கரையாது. 950 செல்சியஸைத் தாண்டினால் புதிய படிகங்கள் தோன்றி, வினைபுரியும் திறன் போய்விடும். நீங்களே சுடுவதானால் எடைபோட்டுச் சரிபாருங்கள்: தூய கயோலினில் கட்டுண்ட நீர் சுமார் 14 சதவீதம். 110 செல்சியஸில் உலர்த்திய 100 கிராம் களிமண், 750 செல்சியஸில் மூன்று நான்கு மணி நேரம் சுட்டபின் 86, 87 கிராமுக்கு வர வேண்டும். 92 கிராமில் நின்றுவிட்டால், ஒன்று சூடு உள்வரை போகவில்லை, அல்லது அந்தக் களிமண்ணில் மணலும் பிற தாதுக்களும் கலந்திருக்கின்றன. மறுபடி சுட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

நீர்க்கண்ணாடி வாங்கும்போது அதன் தரச் சான்றிதழில் மூன்று எண்கள் வேண்டும்: சிலிக்கா எத்தனை சதவீதம், சோடியம் ஆக்சைடு எத்தனை சதவீதம், மீதி நீர் எவ்வளவு. மாடுலஸ், அதாவது சிலிக்காவுக்கும் சோடியம் ஆக்சைடுக்கும் உள்ள விகிதம், என்று ஒற்றை எண் மட்டும் எழுதியிருந்தால் அது எடை விகிதமா மோல் விகிதமா (மூலக்கூறுகளின் எண்ணிக்கை விகிதமா) என்று கேளுங்கள். சோடியம் சிலிகேட்டுக்கு எடை விகிதத்தை 1.032 ஆல் பெருக்கினால் மோல் விகிதம் வரும், இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பொட்டாசியம் சிலிகேட்டுக்குப் பெருக்க வேண்டிய எண் 1.568. அங்கே குழம்பினால் கலவையே தடம்புரண்டுவிடும்.

காரத்தைக் கூட்டச் சேர்க்கும் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) செதில்கள் காற்றிலிருந்து ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுப்பவை. கட்டிதட்டிப்போன பழைய டப்பாவிலிருந்து எடுத்து எடைபோட்டால் கணக்கு பிசகும்.

கணக்கு

இந்த வேலையில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கவனிக்க வேண்டிய மோல் விகிதங்கள் மூன்று. சிலிக்கானுக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விகிதம் 1.6 முதல் 1.9 வரை, சோடியத்துக்கும் அலுமினியத்துக்கும் உள்ளது 0.9 முதல் 1.0 வரை, நீருக்கும் சோடியம் ஆக்சைடுக்கும் உள்ளது 10 முதல் 12 வரை இருக்கட்டும்.

முதல் விகிதம் ஏறிக்கொண்டே போனால் அலுமினியம் போதாமல் சிலிக்கா தனியாக ஜெல்லாகும். கரைவது அந்தப் பகுதிதான். இரண்டாவது விகிதம் 1.0ஐத் தாண்டினால் அலுமினியத்தோடு கட்டுண்ணாத சோடியம் துளைகளில் திரிந்து, பிறகு வெள்ளை உப்பாகப் பூக்கும். மெட்டாகயோலினில் உள்ள அலுமினியம் முழுவதும் கரைந்து வெளிவருவதில்லை என்பதால் 1.0 என்று கணக்கிட்டாலும் நடைமுறையில் சோடியம் சற்று மிஞ்சவே செய்யும். 0.95 பாதுகாப்பான தொடக்கம். கீழே கணக்கு எளிதாக இருக்கட்டுமென்று 1.0 எடுத்துக்கொள்கிறோம்.

100 கிராம் மெட்டாகயோலினில் அலுமினியம் ஆக்சைடு 42 சதவீதம், சிலிக்கா 53 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 42ஐ அலுமினியம் ஆக்சைடின் மூலக்கூறு எடையான 102ஆல் வகுத்தால் 0.412 மோல் அலுமினியம் ஆக்சைடு, அதாவது 0.824 மோல் அலுமினியம். 53ஐ சிலிக்காவின் மூலக்கூறு எடையான 60.1ஆல் வகுத்தால் 0.882 மோல் சிலிக்கான். நமக்கு 1.75 விகிதம் வேண்டுமானால் மொத்தம் 1.442 மோல் சிலிக்கான் தேவை. குறைவது 0.56 மோல். அதாவது 33.6 கிராம் சிலிக்கா நீர்க்கண்ணாடியிலிருந்து வர வேண்டும்.

நீர்க்கண்ணாடியில் சிலிக்கா 28, சோடியம் ஆக்சைடு 9, நீர் 63 சதவீதம் என்றால், 33.6 கிராம் சிலிக்காவுக்கு 120 கிராம் நீர்க்கண்ணாடி எடுக்க வேண்டும். அதிலேயே 10.8 கிராம் சோடியம் ஆக்சைடு வந்துவிடுகிறது. அது 0.348 மோல் சோடியம். தேவை 0.824. மீதி 0.476 மோலைக் காஸ்டிக் சோடாவாகச் சேர்த்தால் 19 கிராம் ஆகிறது. நீர்க்கண்ணாடியிலுள்ள நீரும் காஸ்டிக் சோடா வழியாக வருவதும் சேர்ந்து சுமார் 80 கிராம். நீருக்கும் சோடியம் ஆக்சைடுக்குமான விகிதம் 10.8. ஆக, தனியாகத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம்.

100 கிராம் மெட்டாகயோலின், 120 கிராம் நீர்க்கண்ணாடி, 19 கிராம் காஸ்டிக் சோடா. உங்கள் பொருட்களின் சதவீதங்கள் வேறாக இருக்கும், ஆகவே இந்த எடைகளை அப்படியே எடுக்காமல் கணக்கை மறுபடி போடுங்கள். கலவை கெட்டியாக இருக்கிறதே என்று கடைசி நேரத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான் கணக்கைக் கெடுக்கும் வழக்கமான தவறு. காரத்தின் செறிவு குறைந்தால் மெட்டாகயோலின் கரைவதும் குறையும், துளைகளும் பெருகும்.

கலக்குதல்

காரக் கரைசல் கண்ணில் பட்டால் பார்வையே போகும். பக்கமும் மூடும் கண்ணாடி, நைட்ரில் கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடங்க வேண்டாம். தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15, 20 நிமிடம் கழுவ வேண்டும். வினிகர் ஊற்றி நடுநிலையாக்க முயல வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். பொடிகளைக் கையாளும்போது தூசி முகமூடி தேவை.

1. நீர்க்கண்ணாடியைப் பாலிப்ரொப்பிலீன் அல்லது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பாத்திரத்தில் எடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. காரம் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும்.

2. காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். கரைசல் நன்றாகச் சூடேறும், இடையில் வெள்ளைத் திரள்கள் தோன்றும். தொடர்ந்து கலக்கினால் கரைந்து தெளியும்.

3. மூடிவைத்து அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள், முடிந்தால் ஒரு நாள். சூடாக இருக்கும்போதே மெட்டாகயோலினைச் சேர்த்தால் கலவை சீக்கிரம் இறுகத் தொடங்கி, குமிழிகள் வெளியேற நேரமிருக்காது. நாள்கணக்கில் வைத்தால் கரைசல் படிகமாகலாம். 40, 50 செல்சியஸுக்குச் சூடுசெய்தால் மறுபடி கரையும். படிகம் மிதக்கும் கரைசலை மட்டும் பயன்படுத்தாதீர்கள், அச்சுக்கு அச்சு அளவு மாறிவிடும்.

4. கரைசலில் மெட்டாகயோலினை மூன்று நான்கு தவணையாகச் சேர்த்து, இயந்திரக் கலக்கியால் 10 நிமிடம் கலக்குங்கள். முதல் இரண்டு நிமிடம் வறண்ட மாவுபோல் தெரிந்தாலும் பிறகு இளகி வழியும். தண்ணீர் சேர்க்கத் தோன்றும் நேரம் அதுதான், பொறுங்கள்.

5. மணல் சேர்ப்பதானால் இப்போது, மெட்டாகயோலினின் எடைக்கு ஒன்று முதல் இரண்டு மடங்கு சேர்க்கலாம். சிலிக்கா மணல் இந்தக் காரத்தில் குறிப்பிடும்படி கரையாது, கணக்கு மாறாது. சிலிக்கா ஃபியூம் எனும் மிக நுண்ணிய சிலிக்காப் பொடி அப்படியல்ல. அது கரைந்து சிலிக்கான் விகிதத்தை ஏற்றிவிடும்.

6. பிளாஸ்டிக் அல்லது சிலிக்கோன் அச்சில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் அதிரவைத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

மூடிவைத்தல்

தண்ணீர் தாங்கும் திறன் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கிடைக்கிறது, அல்லது தொலைகிறது. மெட்டாகயோலின் கரைவதும், கரைந்தவை நகர்ந்து பிணைவதும் தண்ணீருக்குள்தான் நடக்கின்றன. அச்சைத் திறந்து வைத்தால் மேற்பரப்பின் நீர் பறந்துபோய், வினை பாதியில் நின்று, நீர்க்கண்ணாடி அப்படியே காய்ந்துவிடும். பார்க்கப் பளபளப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும். ஆனால் முதலில் கரைவது அந்த மேல் ஒரு மில்லிமீட்டர்தான். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைப்பதும் மின்விசிறியடியில் வைப்பதும் இதையேதான் செய்யும்.

ஊற்றியதும் பிளாஸ்டிக் படலத்தை மேற்பரப்பைத் தொடும்படி விரித்து, அதற்கு மேல் மூடியோ பையோ போட்டு இறுக்குங்கள். அறை வெப்பநிலையில் சில மணி நேரம் வைத்துவிட்டு, மூடியபடியே 40 முதல் 60 செல்சியஸில் 24 மணி நேரம் சூட்டில் வையுங்கள். 80 செல்சியஸுக்கு மேல் அவசரப்பட்டால் துளைகள் பெரிதாகும், வெடிப்பும் வரும். மெட்டாகயோலினுக்கு அவ்வளவு சூடு வேண்டியதில்லை. கால்சியம் குறைந்த நிலக்கரிச் சாம்பலைக் கொண்டு செய்பவர்களுக்குத்தான் 60 முதல் 80 செல்சியஸ் தேவைப்படும். சூட்டிலிருந்து எடுத்ததும் அச்சைக் கழற்றி, வில்லைகளைக் காற்றுப்புகாத பையில் போட்டு அறை வெப்பநிலையில் மேலும் ஒரு வாரமாவது வையுங்கள். 28 நாள் வைத்தால் இன்னும் நல்லது. சூட்டு அலமாரி இல்லாவிட்டால் 20, 25 செல்சியஸிலேயே செய்யலாம், ஆனால் அப்போது 28 நாள் கட்டாயம். குளிர்ந்த இடத்தில் வினை மிக மெதுவாக நகரும்.

தண்ணீரில் சோதித்தல்

எல்லாச் சோதனைக்கும் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்துங்கள். கடினநீரிலுள்ள கால்சியம், கரைந்து வரும் சிலிகேட்டோடு சேர்ந்து மேற்பரப்பில் படிந்து, கரைவதை மறைத்துவிடும். கூடவே ஒரு ஒப்பீட்டு மாதிரியும் வேண்டும்: மெட்டாகயோலினுக்குப் பதிலாக நுண்ணிய சிலிக்கா மணலைப் போட்டு, அதே நீர்க்கண்ணாடியில் பிசைந்து காயவைத்த துண்டு. மோசமான முடிவு எப்படி இருக்கும் என்பதைக் கண்ணெதிரே வைத்துப் பார்த்தால் நல்லதை அடையாளம் காண்பது எளிது.

முதலில் கொதிநீர்ச் சோதனை. 2 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனத்துண்டு (கனசதுரத் துண்டு) ஒன்றை எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவையுங்கள். எடுத்துக் கழுவியபின் விளிம்பு கூராக இருக்க வேண்டும், ஆணியால் கீறினால் பசைபோல் வழியக் கூடாது. ஒப்பீட்டுத் துண்டு அதற்குள் உதிர்ந்துபோயிருக்கும். நீர் காரத்தன்மை அடைவதைக் கண்டு பதற வேண்டாம். நல்ல ஜியோபாலிமரிலிருந்தும் துளைகளில் இருக்கும் காரம் வெளிவரும், பி.ஹெச். தாள் 10, 11 என்று காட்டலாம்.

அடுத்தது எடையிழப்பு. துண்டை 60 செல்சியஸில் எடை மாறாத நிலை வரை உலர்த்தி எடைபோடுங்கள். எடையைப்போல் 20 மடங்கு நீரில், மூடிய ஜாடியில் 7 நாள் ஊறவையுங்கள். எடுத்துக் கழுவி, மறுபடி அதேபோல் உலர்த்தி எடைபோடுங்கள். பிறகு புதிய நீரில் இன்னொரு 7 நாள். முதல் வார இழப்பை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், துளைகளில் தங்கிய உப்பு அதில்தான் போகும். இரண்டாம் வாரத்தில் இழப்பு சட்டென்று குறைந்தால் வலை நன்றாக இருக்கிறது. குறையாமல் அதே அளவில் தொடர்ந்தால் ஜெல்லே கரைந்துகொண்டிருக்கிறது. உலர்த்த 105 செல்சியஸ் வேண்டாம், மெட்டாகயோலின் பசை அந்த வேகத்தில் காய்ந்தால் வெடித்துவிடும்.

ஊறிய நீரையும் கொட்டிவிடாதீர்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுண்டவைத்து, ஆறியபின் வினிகரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நுரை பொங்கினால் அது சோடியம் கார்பனேட், அதாவது மிஞ்சிய காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்தது. வெண்மையாகக் கலங்கித் திரண்டால் அது சிலிக்கா. ஒப்பீட்டு மாதிரியின் நீரில் இந்தத் திரட்சி தெளிவாகத் தெரியும். உங்கள் துண்டின் நீர் அதற்கு எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. இவ்வளவு மலிவாக இவ்வளவு தகவல் தரும் சோதனை வேறில்லை.

அமுக்கு இயந்திரம் கிடைத்தால் உலர்ந்த கனத்துண்டுகள் மூன்று, 48 மணி நேரம் ஊறிய கனத்துண்டுகள் மூன்று என உடைத்துப் பாருங்கள். ஊறியதன் வலுவை உலர்ந்ததன் வலுவால் வகுத்தால் 0.8க்கு மேல் வர வேண்டும். உப்புப் பூப்பை அறிய, ஒரு பட்டையை 1 சென்டிமீட்டர் நீரில் நிறுத்தி ஒரு வாரம் காற்றில் விடுங்கள். நீர் ஏறிக் காயும் கோட்டில் வெள்ளை படியும் அளவே மிஞ்சிய சோடியத்தின் அளவு.

தவறு எங்கே, திருத்தம் என்ன

மேற்பரப்பு மட்டும் வழவழத்து, உள்ளே அறுத்தால் கெட்டியாக இருந்தால் மூடியது போதவில்லை. துண்டு முழுதும் மென்மையானால் முதலில் மெட்டாகயோலினைச் சந்தேகியுங்கள், அடுத்து சிலிக்கான் விகிதத்தை. விகிதம் 2க்கு மேல் இருந்தால் நீர்க்கண்ணாடியைக் குறைத்து, அதனால் குறையும் சோடியத்தைக் காஸ்டிக் சோடாவாலும், நீரைத் தனி நீராலும் ஈடுகட்டுங்கள். அப்போது காஸ்டிக் சோடாவைத் தனியே கரைக்க நேர்ந்தால், தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

தண்ணீர் தெளிவாக இருந்து, துண்டு மட்டும் வெடித்திருந்தால் அது கரைதல் அல்ல. நன்றாகக் காய்ந்த துண்டைச் சட்டென்று தண்ணீரில் போட்டதால் வந்த வெடிப்பு. மணல் சேர்ப்பதும், உலர்த்துவதை மெதுவாக்குவதும் இதற்கு மருந்து.

வெள்ளை பூக்கிறது, மற்றபடி உறுதியாக இருக்கிறது என்றால் சோடியம் விகிதத்தை 0.9க்கு இறக்கிப் பாருங்கள். பொட்டாசியத்துக்கு மாறினாலும் பூப்பு நன்றாகக் குறையும். அப்போது காஸ்டிக் சோடா 19 கிராமுக்கு ஈடு காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) 26.7 கிராம், நீர்க்கண்ணாடியும் பொட்டாசியம் சிலிகேட்டாக இருந்து கணக்கு புதிதாகப் போடப்பட வேண்டும். செலவு கூடும். மெல்லிய பொருட்களை 28 நாளுக்குப் பின் சில முறை நீர் மாற்றி ஊறவைத்துக் காரத்தைக் கழுவி எடுப்பதும் நடைமுறையில் உதவும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஈரத்தில் வலு போதவில்லை என்றால், மெட்டாகயோலினில் 10 முதல் 20 சதவீதத்துக்குப் பதிலாக அரைத்த உலைக்கசடு சேருங்கள். அதிலிருந்து வரும் கால்சியம் துளைகளை அடைத்து நெருக்கமான ஜெல்லைத் தரும். ஆனால் இறுகும் நேரம் வெகுவாகக் குறையும், ஆகவே 5 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கலவை எத்தனை நிமிடம் வழிகிறது என்று பார்த்துக்கொண்டே ஏறுங்கள். சுண்ணாம்பை நேரடியாகப் போட்டால் கலக்கும்போதே கட்டியாகிவிடும்.

சிலேன், சிலாக்சேன் வகை நீர்விலக்கிப் பூச்சை, கொதிநீர்ச் சோதனையில் தேறிய கலவைக்கு மட்டும், துண்டு நன்றாக உலர்ந்தபின் அடியுங்கள். உறிஞ்சுதலும் பூப்பும் குறையும். பூச்சு தேய்ந்த இடத்தில் தண்ணீர் உள்ளே போகவே செய்யும் என்பதால், பூசாத துண்டு ஒன்றையும் அதே சூழலில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருங்கள்.